சாட்சியின் வார்த்தையைத் திருத்தாதீர்கள்

கேள்வி: பத்து வாரங்களுக்கு முன்பு என் கணவர் காலையில் பைக்கில் வேலைக்குப் போனார். சிக்னல் உள்ள நான்கு முனைச் சந்திப்பில் அவர் நேராகப் போய்க்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கமிருந்து வந்து வலது பக்கம் திரும்பிய கார் மோதிவிட்டது. வலது தொடை எலும்பு முறிந்து, ராடு வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். தலையிலும் அடி. வீட்டிலிருந்து கிளம்பியதற்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் கண் விழித்தது வரை அவருக்கு எதுவும் நினைவில்லை. அவர்தான் சிவப்பு விளக்கில் பாய்ந்து வந்தார் என்று காரை ஓட்டியவர் சொல்கிறார். நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், அவரைத் தன் ஆட்டோவில் ஏற்றி வந்து சேர்த்த ஆட்டோ ஓட்டுநர். மற்றவன், பின்னால் தனி பைக்கில் வந்த என் தம்பி. நான் நான்காம் நாள்தான் புகார் கொடுத்தேன். எஃப்.ஐ.ஆரில் ஆட்டோ ஓட்டுநர் பெயர் இல்லை. "பச்சை விழுந்த பிறகுதான் மாமா வண்டியை எடுத்தார்" என்கிறான் தம்பி. ஆட்டோ ஓட்டுநரோ, "விளக்கை நான் பார்க்கலம்மா, கார் நிற்காம திரும்பினதைத்தான் பார்த்தேன்" என்கிறார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கேஸ் நிற்காது, இருவரையும் ஒரே மாதிரி சொல்ல வையுங்கள், முடியாவிட்டால் கோர்ட்டில் வந்து சொல்ல நானே ஆள் பிடித்துத் தருகிறேன் என்கிறார் ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒருவர். சொந்தக்காரன் சாட்சி செல்லாது என்றும் பயமுறுத்துகிறார். ஆட்டோ ஓட்டுநருக்குக் கோர்ட் என்றாலே நடுக்கம். நான் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஆஸ்பத்திரி மனிதரின் யோசனையை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் கையில் இருக்கும் நல்ல வழக்கைக் கெடுக்கக்கூடியது அது ஒன்றுதான். ஆள் பிடிக்காதீர்கள். இருவரையும் ஒரே மாதிரி சொல்ல வைக்காதீர்கள். தம்பி பார்த்தது தம்பியின் வாயிலிருந்தும், ஆட்டோ ஓட்டுநர் பார்த்தது அவர் வாயிலிருந்தும் அப்படியே வரட்டும். நீங்கள் குறை என்று பயப்படும் அந்த வித்தியாசத்தால்தான் விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் இருவரையும் நம்பும்.

எப்படி என்று பாருங்கள். இரண்டு பேர் இரண்டு இடத்தில் நின்றால் இரண்டு காட்சிகளைத்தான் பார்ப்பார்கள். தம்பி உங்கள் கணவருக்குப் பின்னால் வந்தவன். அவன் கண் எதிரே சிக்னல் இருந்தது, பச்சை விழுந்ததை அவனால் பார்த்திருக்க முடியும். ஆட்டோ ஓட்டுநர் பக்கச் சாலையில் நின்றிருந்தால், உங்கள் கணவர் பக்கத்து விளக்கு அவருக்குத் தெரியவே தெரியாது. அப்படி நின்றவர் கூண்டில் ஏறி "பச்சை எரிந்தது" என்று சொன்னால், குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி "நீங்கள் நின்ற இடத்திலிருந்து அந்த விளக்கு தெரியுமா?" என்பதாகத்தான் இருக்கும். சம்பவ இடத்தைப் பற்றிப் போலீஸ் வரைந்த மாதிரி வரைபடத்தைக் காட்டி அந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே அவருடைய மொத்த சாட்சியமும் சரிந்துவிடும். "விளக்கை நான் பார்க்கவில்லை" என்று அவர் தானாகச் சொல்லும்போது, அடுத்து அவர் சொல்வதை நீதிபதி காது கொடுத்துக் கேட்பார்.

விளக்கைப் பார்க்காதவர் விளக்கைப் பற்றி உதவவே முடியாது என்றும் எண்ணாதீர்கள். உங்கள் கணவர் மட்டும் தனியாகப் பாய்ந்தாரா, அல்லது அவருக்குப் பக்கத்தில் நின்ற மற்ற வண்டிகளும் சேர்ந்து கிளம்பினவா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பதிலை நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் கேட்க வேண்டும். "அந்த வரிசையே நகர்ந்துச்சு" என்று அவர் சொன்னால், பச்சை என்ற சொல்லை அவர் உச்சரிக்காமலேயே தீர்ப்பாயம் அந்த முடிவுக்கு வந்துவிடும். வலது பக்கம் திரும்பும் வண்டி, எதிரே நேராக வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஆகவே "கார் நிற்காமல் திரும்பியது" என்று அவர் சொல்லும் ஒரே வரிக்கே உங்கள் வழக்கில் பெரிய எடை இருக்கிறது.

விபத்து வழக்குகளில் பிரமாண வாக்குமூலங்களை, அதாவது சத்தியம் செய்து எழுத்தில் தரும் வாக்குமூலங்களை, நிறையப் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். "மேற்படி காரை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து மோதிவிட்டார்" என்ற வாக்கியம் கிட்டத்தட்ட எல்லா எஃப்.ஐ.ஆரிலும் எல்லா வாக்குமூலத்திலும் இருக்கும். அச்சடித்த படிவம் போல வந்துகொண்டே இருக்கும். அது சாட்சியம் ஆகாது. கவனக்குறைவு யாருடையது என்று முடிவு செய்வது நீதிபதியின் வேலை. அதற்குத் தேவையான காட்சியைக் கொடுப்பது மட்டுமே சாட்சியின் வேலை. கார் திரும்பும் முன் வேகம் குறைந்ததா? இண்டிகேட்டர் போட்டிருந்ததா? பிரேக் சத்தம் கேட்டதா, கேட்டது மோதுவதற்கு முன்பா பின்பா? காரின் எந்தப் பாகம் பைக்கின் எந்தப் பாகத்தில் பட்டது? மோதிய பிறகு பைக் எவ்வளவு தூரம் தள்ளிக் கிடந்தது? ஓட்டியவர் இறங்கி வந்து முதலில் என்ன சொன்னார்? கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த நிமிடத்தில் "கவனிக்கலைங்க" என்று ஓட்டியவர் சொல்லியிருந்தால், அதைக் கேட்டவர் வந்து சொல்வது பின்னால் வக்கீல் எழுதித் தரும் மறுப்புரையைவிட வலுவானது.

வேகத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மட்டும் யாரையும் தூண்டாதீர்கள். மனிதக் கண்ணால் வேகத்தைச் சரியாக அளக்க முடியாது, கேட்கிற விதத்தைப் பொறுத்து அந்த மதிப்பீடே மாறிவிடும். 1974-இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மருடன் சேர்ந்து இதைச் சோதித்திருக்கிறார். 45 மாணவர்களுக்குக் கார் மோதல் படத்துண்டுகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். ஒரு குழுவிடம் கார்கள் 'உரசியபோது' என்ற மாதிரியான மென்மையான சொல், இன்னொரு குழுவிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ற கடுமையான சொல். மென்மையாகக் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 31.8 மைல் என்றார்கள். கடுமையாகக் கேட்கப்பட்டவர்கள் 40.8 மைல் என்றார்கள். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. 'நொறுங்கிய' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். சாதாரணமாக 'மோதிய' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள்.

இவர்கள் யாரும் பொய்யர்கள் அல்லர். கேட்டவரின் சொல் அவர்கள் நினைவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம். தம்பியும் நீங்களும் தினமும் உட்கார்ந்து இதையே பேசிக்கொண்டிருந்தால், நீங்கள் ஊகித்ததையும் தான் பார்த்ததாக அவன் நம்ப ஆரம்பித்துவிடுவான். அதனால்தான் சீக்கிரம், தனித்தனியாக, எழுத்தில் என்று சொல்கிறேன். ஒருவர் சொல்லும்போது மற்றவர் அங்கே இருக்க வேண்டாம். குறுக்கே பேசாமல் முதலிலிருந்து கடைசி வரை சொல்ல விடுங்கள். அவர் பேசுகிற தமிழிலேயே எழுதி, படித்துக் காட்டி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள். தான் நின்ற இடத்தையும் மோதல் நடந்த இடத்தையும் அவர் கையாலேயே ஒரு தாளில் வரைந்து கொடுக்கட்டும், படம் கோணலாக இருந்தாலும் கவலையில்லை. தெரியாததற்கு "தெரியாது" என்று எழுதுங்கள். பிறகு வக்கீல் தயாரிக்கும் பிரமாண வாக்குமூலம் இந்தத் தாளோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு முறை சரிபாருங்கள். வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூண்டில் "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது" என்று சொல்லும் சாட்சிகள் உண்டு. அதற்குப் பிறகு அந்தச் சாட்சியால் பயன் இல்லை.

இனி, சொந்தக்காரன் சாட்சி செல்லாது என்ற பேச்சு. அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. உறவினர் சாட்சியைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு எடைபோடுவார்கள், அவ்வளவுதான். உறவு என்பதால் எழும் உண்மையான கேள்வி வேறு: அந்த நேரத்தில் அவன் அங்கே எப்படி வந்தான்? இதற்கு நேரான பதிலும் ஒரு துண்டு ஆதாரமும் இருந்தால் போதும். அவன் வேலை செய்யும் இடமும் அதே வழியில்தான் என்றால் வருகைப் பதிவோ, அந்த நிமிடத்தில் அவன் உங்களுக்குச் செய்த போன் அழைப்பின் பதிவோ, ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் அவன் போட்ட கையெழுத்தோ, எது இருக்கிறதோ எடுத்து வையுங்கள். "நேரில் பார்த்தவன் ஏன் அன்றைக்கே புகார் கொடுக்கவில்லை?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அக்கா ஐ.சி.யூ. வாசலில், அவன் ரத்தத்துக்கும் மருந்துக்கும் ஓடிக்கொண்டிருந்தான் என்பதுதான் உண்மை என்றால் அதையே சொல்லட்டும். அலங்கரிக்க வேண்டியதில்லை.

நான்கு நாள் தாமதத்தைப் பொறுத்தவரை நீங்கள் நிம்மதியாக இருக்கலாம், ஒரு நிபந்தனையோடு. ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடிபட்டவரைக் காப்பாற்றுவதுதான் குடும்பத்தின் முதல் கவலையாக இருக்கும், போலீஸ் நிலையத்துக்கு ஓடவில்லை என்பதற்காகக் கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது, ஆனால் தாமதத்துக்கு விளக்கம் நம்பும்படி இருக்க வேண்டும், அந்த இடைவெளியில் கதை ஜோடிக்கப்பட்டதற்கான அறிகுறி இருக்கக்கூடாது. தாமதமான புகார்களில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிடிக்கும் பிடி ஒன்றுதான்: "காரின் நம்பர் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? இன்சூரன்ஸ் உள்ள ஏதோ ஒரு வண்டியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்களா?" உங்கள் வழக்கில் காரை ஓட்டியவரே மோதலை மறுக்கவில்லை, விளக்கைப் பற்றித்தான் சண்டை. ஆகவே அந்தப் பிடி நழுவிவிடுகிறது. ஆட்டோ ஓட்டுநரோ வேறு யாரோ அந்த இடத்தில் காரைப் போட்டோ எடுத்திருந்தால், அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு நின்றுவிடாதீர்கள். எடுத்த போனிலேயே மூலப் படம் அழியாமல் இருக்க வேண்டும். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் கேட்பார்கள்.

ஆட்டோ ஓட்டுநர் பெயர் எஃப்.ஐ.ஆரில் இல்லையே என்று தவிக்கிறீர்கள். எஃப்.ஐ.ஆர். என்பது விசாரணையைத் தொடங்கி வைக்கும் தாள், நடந்த எல்லாவற்றையும் அதில் எழுதியிருக்க வேண்டியதில்லை. சுனிதா எதிர் ராஜஸ்தான் மாநில சாலைப் போக்குவரத்துக் கழகம் வழக்கில், நேரில் பார்த்தவரின் பெயர் குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் இல்லை என்பதையும், பின்னால் உட்கார்ந்து வந்தவரை விசாரிக்கவில்லை என்பதையும் காரணம் காட்டி உயர் நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்திருந்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யாரை விசாரிக்கவில்லை என்று தேடிக்கொண்டிருக்காமல், பதிவில் இருக்கும் சான்றுகள் சம்பவம் நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று காட்டுகின்றனவா என்றுதான் தீர்ப்பாயம் பார்க்க வேண்டும் என்றது. 2020 டிசம்பரில் தீர்ப்பான அனிதா சர்மா வழக்கு உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. அதிலும் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஒருவர்தான் சாட்சி. அவர் போலீஸுக்குச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிப் பதிவிலும் அவர் பெயர் இல்லை என்பதால் உயர் நீதிமன்றம் நம்ப மறுத்தது. உச்ச நீதிமன்றம் அவரை நம்பியது. மனிதர்கள் போலீஸ், கோர்ட் என்றால் ஒதுங்கிப்போவது இயல்பு, அதற்காக அவர்கள் அங்கே இருந்ததையே சந்தேகிக்கக்கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் போக்கு.

இருந்தாலும் உங்களுக்கு ஒரு எளிய வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் முதலில் சேர்த்தபோது எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகலை, ஏ.ஆர். காப்பி என்பார்களே அதை, உடனே வாங்குங்கள். யார் அழைத்து வந்தார், எப்படி நடந்ததாகச் சொன்னார் என்பது வழக்கமாக அதில் இருக்கும். ஆட்டோ ஓட்டுநர் பெயர் அங்கே இருந்தால் எஃப்.ஐ.ஆரைப் பற்றிய கவலையே வேண்டாம், சம்பவம் நடந்த சூட்டில், யாரும் வழக்கு என்று நினைக்காத நேரத்தில் எழுதப்பட்ட பதிவு அது. பெயர் இல்லாவிட்டாலும் "ஆட்டோவில் கொண்டுவரப்பட்டார்" என்று இருந்தாலே உதவும்.

நீங்கள் எழுதும் நேரமும் சாதகமாக இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையையும், 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். பத்து வாரம் என்றால் அந்த 90 நாள் இன்னும் முடியவில்லை. ஆட்டோ ஓட்டுநர் சம்மதித்தால், அவரை விசாரித்து விரிவான அறிக்கையில் சேர்க்கும்படி இன்ஸ்பெக்டருக்கு மனு கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பின்னாளில் "இவரை இப்போதுதான் கண்டுபிடித்தீர்களா?" என்று கேட்டால் அந்த ரசீது பதில் சொல்லும். சந்திப்பில் கேமரா இருந்தால் அதே மனுவில் பதிவையும் கேளுங்கள். பெரும்பாலான கருவிகள் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும் என்பதால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது அந்த ஆட்டோ ஓட்டுநரின் பயம். ரத்தம் வழியும் ஒருவரைத் தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டு ஓடிய மனிதர் அவர். அவரை வற்புறுத்த வேண்டாம், அவர் பயத்தைச் சிறிதாகவும் நினைக்க வேண்டாம். "உதவப் போனால் போலீஸ் நம்மையே பிடித்துக்கொள்ளும்" என்ற எண்ணம் காரணமில்லாமல் வந்ததில்லை. ஆனால் நிலைமை மாறியிருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லுங்கள். சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் வழக்கில் 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்கான பாதுகாப்பு நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது, 2020 செப்டம்பரில் அதற்கான விதிகளும் வந்தன. அவற்றின்படி, உதவியவரின் பெயரையோ முகவரியையோ சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவராக விரும்பிச் சாட்சி ஆனால், அவருக்கு வசதியான இடத்திலும் நேரத்திலும், வீட்டிலோ தொழில் செய்யும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் போலீஸ் விசாரிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்த உதவிக்காக அவர் மீது வழக்கும் வராது.

தீர்ப்பாயத்தைப் பற்றியும் அவருக்கு விளக்குங்கள். அங்கே யாரும் குற்றவாளி இல்லை, யாரையும் ஜெயிலுக்கு அனுப்பும் இடமும் அது அல்ல. எம்.சி.ஓ.பி. வழக்கு, அதாவது தீர்ப்பாயத்தில் போடும் விபத்து இழப்பீட்டு மனு, என்பது இழப்பீட்டுக் கணக்குதான், பெரும்பாலும் பணம் கொடுக்கப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. நம் தரப்பு வக்கீல் சாட்சியிடம் கேட்கும் முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாகவே தாக்கலாகிவிடும், அவர் நேரில் பதில் சொல்ல வேண்டியது குறுக்கு விசாரணைக்கு மட்டும். அதற்கு வருவதே ஆட்டோ ஓட்டும் ஒருவருக்கு ஒரு நாள் வருமான இழப்புதான். சம்மன் வழியாக அழைத்து, அதற்குரிய பேட்டாவைத் தீர்ப்பாயத்தில் கட்டிவிடுங்கள். அதைத் தாண்டி, நன்றிக்காகக்கூட இந்த வழக்கு முடியும்வரை அவர் கையில் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் மனசுக்கு அது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் "மனுதாரரிடம் பணம் வாங்கினீர்களா?" என்ற கேள்விக்கு அவர் தலை நிமிர்ந்து "இல்லை" என்று சொல்ல முடிய வேண்டும்.

குறுக்கு விசாரணையின் முடிவில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், நீங்கள் சம்பவ இடத்திலேயே இல்லை, மனுதாரருக்காகப் பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்று சொல்வார். சாட்சி மறுத்ததும் அது "என்று சொன்னால் சரியல்ல" என்று பதிவாகும். இது ஒவ்வொரு வழக்கிலும் ஒவ்வொரு சாட்சியிடமும் கேட்கப்படும் சடங்குக் கேள்வி, தன்னைத்தான் அவமானப்படுத்துகிறார்கள் என்று அவர் எண்ண வேண்டாம். முன்கூட்டியே இதைச் சொல்லிவைத்தால் பாதிப் பயம் போய்விடும். என்ன நடக்கும் என்று சாட்சிக்கு விளக்குவதில் தவறில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் தவறு.

ஆள் பிடித்துத் தருவதாகச் சொன்னவரிடம் திரும்ப வருகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்டவர்களிடம் சிக்கி நியாயமான கோரிக்கை உள்ள குடும்பங்கள் நாசமாகின்றன. தீர்ப்பாயத்தில் சத்தியம் செய்து பொய் சொல்வது, நீதிமன்ற நடவடிக்கையில் பொய் சாட்சி அளிக்கும் குற்றம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவில் அதற்கு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. உத்தரப் பிரதேசத்தில் பொய்யான விபத்துக் கோரிக்கைகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்கப்பட்டு, அது உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக்கு வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் தனி விசாரணையாளர்களை வைத்திருக்கின்றன. ஒரே ஆள் இரண்டு வழக்குகளில் 'தற்செயலாக அங்கே நின்றவராக' வந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது அந்த ஆள் மட்டும் போகமாட்டான், உண்மையாகப் பார்த்த உங்கள் தம்பியின் வார்த்தையும் சேர்ந்து போய்விடும்.

அப்படி ஒரு பொய்க்கு அவசியமும் இல்லை. இது கொலை வழக்கு போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய வழக்கு அல்ல. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதுதான் அளவுகோல். பிம்லா தேவி வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதற்கு வெகு முன்பே, 1980-இல், கருமாயி அம்மாள் வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர், குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு அதனால் விழுந்துவிடாது என்று தீர்ப்பளித்திருக்கிறார். ஆகவே காரை ஓட்டியவர் மீதான குற்ற வழக்கு எப்படி முடிந்தாலும் கலங்காதீர்கள். அவர் அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் மட்டும் அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள், உதவும்.

ஒருவேளை ஆட்டோ ஓட்டுநர் கடைசிவரை வர மறுத்தாலும் வழக்கு முடிந்துவிடாது. தம்பி இருக்கிறான். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் மோதல் சாலையின் எந்தப் பக்கத்தில் நடந்தது என்று காட்டும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை காரில் எங்கே நசுங்கியிருக்கிறது என்று சொல்லும். திரும்பிக்கொண்டிருந்த காரின் முன்பகுதி பைக்கின் வலப்பக்கத்தில் பட்டிருந்தால், உங்கள் கணவரின் வலது தொடை முறிவு அதோடு பொருந்துகிறது. இப்படிப்பட்ட பொருத்தம் ஒரு சாட்சிக்குச் சமம். தவிர, சிவப்பு விளக்கில் பாய்ந்தார் என்று சொல்பவர் அதைக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். கார் ஓட்டுநரை விசாரிக்காமல் கம்பெனி அதிகாரியை மட்டும் ஏற்றி "எங்கள் விசாரணையில் தெரியவந்தது" என்று சொல்ல வைப்பது அடிக்கடி நடக்கிறது. நேரில் அறிந்தவர் ஒதுங்கிக்கொண்டால் அவருக்கு எதிராகவே தீர்ப்பாயம் ஊகிக்கலாம். இதை உங்கள் வக்கீல் வாதத்தில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கைப் பற்றிய இந்தச் சண்டைக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் பணம்தான். உங்கள் கணவர் மீதும் கொஞ்சம் தவறு என்று தீர்ப்பாயம் கருதினால், அந்த விகிதத்தை மொத்தத் தொகையில் கழித்துவிடுவார்கள். பத்து லட்சம் தீர்மானமாகி, அவர் பங்கு 30 சதவீதம் என்றால் கைக்கு வருவது ஏழு லட்சம். நேரில் பார்த்த சாட்சியின் பயன் இந்த இடத்தோடு முடிகிறது. எலும்பு எவ்வளவு கூடியது, அவரால் இனி பழைய வேலையைச் செய்ய முடியுமா, சம்பளம் எவ்வளவு போனது என்பதையெல்லாம் டாக்டரும் மருத்துவ வாரியச் சான்றும் சம்பள ஆவணங்களும்தான் நிரூபிக்க வேண்டும். அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

கம்பெனி தரப்பிலிருந்து யாராவது வந்து, யார் தவறு என்று பார்க்காமலேயே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் இரண்டரை லட்சம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றால் அவசரப்படாதீர்கள். கொடுங்காயத்துக்கு அந்தத் தொகை சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் 149-ஆம் பிரிவின் நடைமுறைப்படி அதை ஏற்றுக்கொண்டால், முழு இழப்பீடு கேட்டு 166-ஆம் பிரிவின் கீழ் போடும் உங்கள் மனு காலாவதியாகிவிடும். சாட்சிகள் கையில் இருக்கும் உங்களுக்கு அது நஷ்டமாக முடியக்கூடும்.

மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலும் போடலாம். 2022 ஏப்ரலிலிருந்து சட்டம் விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று வரம்பு வைத்திருக்கிறது, உங்களுக்கு இன்னும் மூன்றரை மாதம் போல இருக்கிறது. அதைக் கடைசி வாரம் வரை இழுக்காமல், இந்த வாரம் ஏ.ஆர். காப்பி, இன்ஸ்பெக்டருக்கு மனு, இருவரின் கையெழுத்திட்ட விவரம், இந்த மூன்றையும் முடித்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுநரிடம் போகும்போது உங்கள் கணவரால் நடக்க முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழக்கைப் பற்றி அவர் அன்றைக்குப் பேச வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு வந்தால் போதும்.